சத்தம் கேட்டால் ஓடு

மஸ்கட்
11 மே 2025

ஜெனிட்டாவுக்கு,

அண்ணன் ஜாபஸ் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வெயில்தான் ஆளைத் தின்கிறது. உனக்கும் அம்மாவுக்கும் கர்த்தர் நல்ல சுகம் தரட்டும்.

காகிதத்தில் எழுதிப் பல வருடம் ஆயிற்று. எழுத்து கோணலாகப் போகிறது. என் நம்பரை நீ பிளாக் செய்ததால் இந்தக் கூத்து. அம்மாவுக்குப் போன் போட்டால் நீ டூட்டிக்குப் போயிருக்கிறாய் என்கிறாள். பின்னால் உன் இருமல் கேட்கிறது. ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதற்காகக் கூடப்பிறந்தவனைத் தள்ளிவைக்கிற நர்ஸை இப்போதுதான் பார்க்கிறேன். அன்றைக்கு நிஜமாகவே டவர் இல்லை.

வண்டிக்கு வருகிறேன். ஆக்டேவியா காரை வீட்டு ஷெட்டில் உன் பொறுப்பில்தான் விட்டு வந்தேன். பேட்டரியில் மாட்டியிருக்கும் சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார். டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் சப்பையாகிவிடும். வாரம் ஒரு முறை ஒரு முழம் முன்னே உருட்டு. பானெட்டுக்குள் அந்துருண்டையைத் துணியில் கட்டிப் போடு. இந்தக் கால வண்டியின் ஒயர் என்றால் நம் ஊர் எலிக்குப் பலகாரம் மாதிரி. பெட்ரோல் டேங்க் நிரம்பியே இருக்கட்டும். பாதி டேங்கில் ஈரம் இறங்கும். ஸ்டார்ட் செய்தால் இரண்டு நிமிடத்தில் அணைக்காதே. ஆயில் சுடும்வரை ஓட விடு. தெருமுனை ஒர்க்‌ஷாப் ஜெயபாண்டி 'சும்மா பாக்குறேன்' என்று வந்தால் உள்ளே விடாதே. அவன் சும்மா பார்த்த வண்டி எதுவும் மறுபடி சும்மா இருந்ததில்லை.

கோயம்புத்தூரில் சைலன்சரை மாற்றி, புது மேப் ஏற்றி வந்தபின் ஒரே ஒரு நாள்தான் ஓட்டினேன். மேப் என்றால், என்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு என்று அதன் மூளையில் எழுதிவைக்கிற கணக்கு. அதை மாற்றியபின் அது வேறு பிராணி. ஆசை தீரவில்லை.

பிளாக்கை எடு. அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம்.

ஜாபஸ்


சிவகாசி
2 ஜூன் 2025

அண்ணனுக்கு,

இங்கே அம்மா சுகம். எலிகள் சுகம். பச்சை விளக்கு எரிகிறது.

போனில் நீ கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறாய். காகிதத்தில் தாண்டினால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். காகிதத்தில் டவர் பிரச்சினையும் இல்லை. அதனால் பிளாக்கை எடுக்கப்போவதில்லை.

மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன். நீ விமானம் ஏறியதற்கு முந்தைய நாள் மதியம், எம். புதுப்பட்டி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் விபத்து. ஒரு அறை. உள்ளே இரண்டு பெண்கள். செல்வலட்சுமி அங்கேயே போய்விட்டாள். வெள்ளைத்தாய் என் வார்டில் கிடக்கிறாள். இரண்டு கை, கழுத்து, இடது தொடை. செத்தவள் இவளுக்கு நாத்தனார். புருஷனின் தங்கச்சி.

மருந்து சலித்த சல்லடையோடு இவள் எழுந்து ஓடினாள், சல்லடை கதவு நிலையில் இடித்தது, அதில் பற்றியது, இவள் கவனக்குறைவுதான் காரணம் என்கிறது கம்பெனி. இடிக்கவில்லை என்று இவளும் சொல்லவில்லை. இவள் சொல்வது வேறு.

"வெளிய வெடிச் சத்தம் கேட்டுச்சு சிஸ்டரு. டம்முனு ஒண்ணு. ஒட்டுனாப்ல இன்னொண்ணு. சத்தம் கேட்டா யோசிக்காத, ஓடுன்னுதானே சேந்த அன்னைக்கே சொல்லித் தாராக. ஓடுனேன். கையில சல்லடை இருந்தது நெனப்பில்ல."

யாரும் நம்பவில்லை. அன்று பக்கத்தில் எந்தக் கம்பெனியிலும் எதுவும் வெடிக்கவில்லை. மற்ற அறைகளில் இருந்தவர்களுக்கு ஒரு சத்தம்தான் நினைவில் இருக்கிறது. பின்னால் வந்த பெரிய சத்தம் முன்னால் வந்ததை விழுங்கிவிட்டது. தன் தப்பை மறைக்க இவள் கதை கட்டுகிறாள் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் இவள் புருஷன் இருளாண்டியும் ஒருவன். தங்கச்சியைக் கொன்றவள் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். ஒரு நாள் வார்டு வாசல்வரை வந்தான். உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விட்டான். அவன் வந்து போனது அவன் செருப்புச் சத்தத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மதியம் நீ வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். சாப்பாட்டுக்குத் திரும்பினாய். அம்மா உனக்காக மீன் குழம்பு வைத்திருந்தாள். பாதியில் கை கழுவிவிட்டாய்.

எந்த ரோட்டில் போய்வந்தாய்? இதுதான் கேள்வி. போனிலும் இதைத்தான் கேட்டேன்.

ஜெனிட்டா


மஸ்கட்
24 ஜூன் 2025

ஜெனிட்டாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் இருக்க ஜெபிக்கிறேன்.

நீ எங்கே வருகிறாய் என்று புரிகிறது. உடம்பெல்லாம் எரிகிறது. அடக்கிக்கொண்டு தொழில்காரனாகப் பதில் எழுதுகிறேன். நான் இங்கே நாள் முழுதும் செய்வது இதுதான். வண்டி என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று அதன் கம்ப்யூட்டரைப் படித்துச் சொல்வது.

ஓடுகிற வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், எரியாமல் மிச்சமான பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் போய் அங்கே பற்றும். புது மேப்பில் இந்த வண்டி போடுகிற டம் சத்தம் அதுதான். வாய்க்கு வெளியே ஒரு ஜாண் நெருப்பு தெரியலாம். கண் சிமிட்டுவதற்குள் செத்துவிடும். பறந்து போகிற பொறி இல்லை அது. ரோட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர் இருக்கிறது. உள்ளே வேப்பமரம், அதைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் பின்னால்தான் அறைகள். நெருப்பு அங்கே போக வழியே இல்லை. எந்த எஞ்சினியரிடம் வேண்டுமானாலும் கேள்.

இந்த வண்டியை நான் எப்படிச் சேர்த்தேன் என்று உனக்குத் தெரியும். முன்னால் வைத்திருந்தவன் ஆயில்கூட ஒழுங்காக மாற்றாமல் நாசமாக்கியிருந்தான். வால்வுகளில் அப்பியிருந்த கரியை வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி நானே எடுத்தேன். கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியது, பிரேக் மாற்றியது, காற்றைக் குளிர்விக்கிற பெரிய ரேடியேட்டர் வைத்தது, எல்லாம் இந்தக் கை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அதை ஒரு கொலைகாரனைப் போலப் பேசாதே.

அந்தக் கம்பெனியில் அறைக்கு ஒரு கதவுதான். இரண்டு கதவு வைக்காதவனைப் போய்க் கேள்.

ஜாபஸ்


சிவகாசி
12 ஜூலை 2025

அண்ணனுக்கு,

ஒரு கதவு வைத்தவனைக் கேட்கிறார்கள். அவனும் ஏதோ ஒரு பதில் சொல்கிறான். நீ மட்டும்தான் சொல்லவில்லை.

நான் பொறி என்று எழுதவே இல்லை. என் கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கும். எடுத்துப் பார். சத்தம் என்றுதான் எழுதினேன். கேட்காத கேள்விக்கு இரண்டு பக்கம் பதில் எழுதியிருக்கிறாய்.

இன்னொன்று. சுவரையும் வேப்பமரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் நான் எழுதவில்லை.

நீ இந்த ஊர்ப் பிள்ளை. அம்மாவின் வகுப்பில்தான் மூன்றாம் வகுப்புப் படித்தாய். எங்காவது சத்தம் கேட்டால் அம்மா சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள். முப்பது பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் திரும்பிப் புகை எந்தத் திசையில் ஏறுகிறது என்று பார்ப்போம். அந்தத் திசையில் அம்மா வேலை பார்க்கிற பிள்ளைகள் மட்டும் எழுந்து நிற்பார்கள். யாரும் எழச் சொல்வதில்லை. நாம் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள். நமக்கு எழ வேண்டியிருந்ததில்லை. அதனால் மறந்துவிட்டாயா?

இந்த ஊரில் யாருக்கும் டம் என்பது வண்டிச் சத்தமாகக் கேட்காது. அப்படிக் கேட்டது உனக்கு மட்டும்தான். கோயம்புத்தூர்க்காரன் செய்துகொடுத்த சத்தத்தை எடுத்துக்கொண்டு, ரோடு முழுக்கக் கிடக்க, புதுப்பட்டி ரோட்டுக்குத்தான் போனாய்.

கழுத்துக் காயம் ஆறிவருகிறது. கைகள் ஆறவில்லை. கட்டுப் பிரிக்கும்போது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே கேட்கிறாள், "சிஸ்டரு, நெசமாவே சத்தம் கேட்டுச்சா, இல்ல எனக்குத்தான் கிறுக்கா?"

ஒரு மனுஷிக்குத் தன் காதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் சுகமாக இருங்கள். நீங்கள் ஜெபியுங்கள்.

ஜெனிட்டா


மஸ்கட்
3 ஆகஸ்ட் 2025

ஜெனிட்டா,

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம். பேச்சுப் படித்த நாளிலிருந்து என்னை நீ என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறாய்.

சரி. சத்தம்தானே உன் பிரச்சினை. எடுத்துவிடுகிறேன். கோயம்புத்தூரில் மேப் போட்ட இடத்தில் வேலை பார்க்கிற சூர்யபிரகாஷ், சாத்தூர்ப் பையன், ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு வருகிறான். கோவிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருவான். லேப்டாப் கொண்டுவருவான், பழைய சைலன்சரும் கொண்டுவருவான். வண்டி கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். இனி எந்த ரோட்டிலும் யாரும் பயப்பட வேண்டாம். உனக்குத் திருப்திதானே.

சாவியை அவனிடம் கொடு. அதுவரை வண்டியை வெளியே எடுக்காதே.

இங்கே தூக்கம் சரியில்லை. ஏசி சத்தம்.

ஜாபஸ்


சிவகாசி
25 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

உன் ஆள் வந்தான். மொட்டை போட்டு, நெற்றி நிறைய திருநீறோடு, காரின் பின் சீட்டில் ஒரு சைலன்சரைப் படுக்கவைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணன் சொல்லித்தான் வந்திருக்கேன்க்கா. அரை மணி நேரந்தான். வண்டி பசு கணக்கா ஆயிரும்."

பசுவா இருக்கும்போது பண்ணாத காரியத்தைப் புலியா இருக்கும்போதுதான் பண்ணியிருக்கு தம்பி, அது புலியாவே இருக்கட்டும் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சாவியைக் கேட்டான். சாவி என் யூனிபார்ம் பையில் இருந்தது. அம்மா அவனுக்குக் காப்பி கொடுத்தாள். "குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி. ஷெட்டுப் பக்கம் போக வேண்டாம். அங்க நாய் கெடக்கு" என்றாள். நம் வீட்டில் நாய் இல்லை. அம்மா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உன்னால் அம்மா பொய் சொல்கிறாள்.

சத்தத்தை எடுக்கிறேன் என்கிறாய். அன்றைக்குக் கேட்ட சத்தம் உலகத்தில் இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நம் ஷெட்டில். அதையும் அழித்துவிட்டால் வெள்ளைத்தாய் கிறுக்கிதான். அதற்குத்தான் ஆள் அனுப்பினாயா? இல்லை, உண்மையாகவே எனக்குத் திருப்தி வரட்டும் என்று அனுப்பினாயா? எது என்று தெரியாமல்தான் கோபம் அதிகமாகிறது.

விசாரணை அதிகாரி ஒரு நாள் இடத்தைப் பார்க்க வரப்போகிறார். இப்போது சீசன். தீபாவளி முடிந்துதான் வருவார். வெள்ளைத்தாயையும் அங்கே கூப்பிட்டுக் கேட்பார்களாம். டிஸ்சார்ஜ் ஆகி ஆனைக்குட்டத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருகிறாள். அன்றைக்கு அவள் சொல்வது எழுதப்பட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. உனக்காக மே மாதத்திலிருந்து காத்திருக்கிறேன். நீயே எழுதிக் கொடுப்பாய் என்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வண்டியை எடுத்தேன். எடுக்காதே என்று சொன்னதால் எடுத்தேன். பைபாசில் மிதித்தேன், காலை எடுத்தேன். மெதுவாகக் கனைத்தது, அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

அதை எப்படி வெடிக்க வைப்பது? எழுது.

ஜெனிட்டா


சிவகாசி
20 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

பதில் இல்லை. தபால் பிந்துகிறது என்று அம்மா சொல்கிறாள். அம்மாவோடு போனில் பேசும்போது மழையைப் பற்றியும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியும் பேசுகிறாயாம்.

வெள்ளைத்தாய்க்கு வலது கையில் தோல் வைத்து ஆப்பரேஷன் ஆயிற்று. தீ படாத வலது தொடையிலிருந்து எடுத்தார்கள்.

வேறொன்றும் கேட்கவில்லை. அதை மட்டும் எழுது.

ஜெனிட்டா


மஸ்கட்
19 அக்டோபர் 2025

என்ஜின் நன்றாகச் சுட்டிருக்க வேண்டும். குளிர்ந்த வண்டி வெடிக்காது. நீ பைபாசில் முயன்றபோது வராதது அதனால்தான். வீட்டிலிருந்து நிறுத்தாமல் புதுப்பட்டி ரோடுவரை ஓட்டினால் போதும்.

ஸ்போர்ட் பொத்தானை அமுக்கு. கியர் கம்பியை எஸ்ஸுக்கு இழு. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காது மாதிரி இருக்கும். இடது காதைத் தட்டித் தட்டி மூன்றாவது கியருக்கு இறக்கு.

பாலம் தாண்டியதும் வளைவு. வளைவில் சுவர் ஆரம்பிக்கும். வண்டி நிமிர்ந்தபின் மிதி. ஆர்பிஎம் முள் நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்ட வேண்டும். கேட்டுக்கு நேரே காலை முழுதாக எடு. பாதி எடுத்தால் வராது. இரண்டு வரும். முதலாவது பெரியது. சுவர் அதை வாங்கித் திருப்பித் தரும்.

பிரேக் தொடாதே. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காதே. ரோட்டில் ஆள் இருந்தால் செய்யாதே.

காலை எடுத்தபின் கண்ணாடியைப் பார்க்காதே.

ஜாபஸ்


சிவகாசி
9 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

பார்த்தேன்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். தீபாவளி முடிந்து கம்பெனிகள் இன்னும் பூசை போட்டுத் திறக்கவில்லை. சுற்றிலும் எந்த அறையிலும் ஆள் இல்லை என்று முந்தின நாளே இரண்டு தடவை விசாரித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளைத்தாயிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிறகு அதுவும் கட்டின கதை ஆகிவிடும்.

நீ எழுதியபடி செய்தேன். பாலம், வளைவு, சுவர். ஒவ்வொன்றும் நீ வைத்துவிட்டுப் போன இடத்தில் இருந்தது. கேட்டுக்கு நேரே காலை எடுத்தேன். நானே தலையைக் குனிந்துவிட்டேன். எதிர்பார்த்துக்கொண்டிருந்த நானே.

கண்ணாடியில் ஆட்கள் கேட் வழியாகக் கொட்டினார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போனேன். நான் உள்ளே போனபோது மேனேஜர் சங்கிலிமுத்து வாய்க்காலில் குப்புறக் கிடந்தார். எழுப்பிவிட வேண்டியிருந்தது. அதுவரை, சத்தம் என்று ஒன்று இருந்திருந்தால் எங்கள் காதுக்குக் கேட்டிருக்காதா சார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து தொப்பி இல்லாமல் வந்தார். அதிகாரியின் பைல் வேப்பமரத்தடி நாற்காலியில் கிடந்தது. அதிகாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றார். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. மற்றவர்கள் ஓடியதைப் பார்த்து ஓடியிருக்கிறார்.

ஓடாமல் நின்றது ஒருத்திதான். கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கதவு நிலைக்குப் பக்கத்தில்.

"இதுதான் சார். மொதல்ல ஒண்ணு. ஒட்டுனாப்ல இன்னொண்ணு."

சத்தமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. இருளாண்டி ரோட்டில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும்தான் ஓடியிருந்தான்.

அதிகாரி திரும்பி வந்து சங்கிலிமுத்துவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் ஏன் ஓடினீர்கள்?

"பழக்கம் சார்."

அந்தச் சொல்லை அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சத்தம் ரோட்டோரம் நிற்கிற வண்டியுடையது என்று நான் சொன்னதும் என் பக்கம் திரும்பினார். வண்டி யாருடையது என்றார். அண்ணனுடையது என்றேன். அன்றைக்கு ஓட்டியது யார் என்றார். அவன்தான், ஜாபஸ், இப்போது மஸ்கட்டில் இருக்கிறான் என்றேன். விலாசம் கேட்டார், கொடுத்தேன். உன்னிடமிருந்து எழுத்து வேண்டும் என்றார், இல்லையென்றால் நீ நேரில் வர வேண்டுமாம். கடைசியாக, இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

மே மாதத்திலிருந்து என்றேன். அதிகாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வேறு பக்கம் பார்க்கவில்லை.

அம்மா சுகம். உன் பெயரைக் கொடுத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். போய் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தாள்.

ஜெனிட்டா


மஸ்கட்
27 நவம்பர் 2025

ஜெனிட்டா,

லீவு கேட்டிருக்கிறேன். ஜனவரி முதல் வாரம் கொடுப்பார்கள். வந்து என்ன கேட்டாலும் சொல்கிறேன்.

அன்று கண்ணாடியில் புகை தெரிந்தது. அடுத்த வளைவு வரைக்கும் தெரிந்தது. தற்செயல் என்று நினைத்தேன். வீட்டுக்கு வருகிறவரை நினைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபின் நினைக்க முடியவில்லை. விமானத்தில், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நீ கேட்டாய். உன் மேல் எனக்கு இருந்த கோபம் அதுதான். வேறில்லை.

இவ்வளவு கடிதத்தில் நான் ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை. அந்த அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? கை மடங்குகிறதா? என்ன சொல்கிறாள்? நான் வந்தால் பார்ப்பாளா? நீ கூட இருந்தால் தைரியமாக இருக்கும். உன்னிடம் அவள் நன்றாகப் பேசுவது உன் கடிதங்களில் தெரிகிறது.

வண்டியை நீ என்ன செய்தாலும் சரி.

ஜாபஸ்


சிவகாசி
14 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

கையை விசாரித்திருக்கிறாய். இடது கை விரல்கள் மடங்குகின்றன. வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. இனி மடங்கும் என்று தோன்றவில்லை.

இருளாண்டி ஆனைக்குட்டத்துக்குப் போய் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். "ரோட்டுல நின்னுதானே பாத்த. அங்கனயே நில்லு" என்றாளாம். ஆனாலும் அவன் தினமும் போகிறான். வாசலில் உட்கார்ந்துவிட்டு வருகிறான். செல்வலட்சுமியின் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப் போனானாம். அவர்களை மட்டும் உள்ளே விட்டாள்.

அந்த வியாழக்கிழமைக்குப் பின் அவள் கட்டு மாற்ற வந்தது மறு திங்கட்கிழமை. நான் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கையை நீட்டவில்லை.

"மே மாசமே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"என் கையக் களுவுனப்ப எல்லாம்?"

ஆமாம் என்றேன்.

"எனக்குக் கிறுக்கான்னு கேட்டேனே. அன்னைக்கும்?"

அன்றைக்கும் என்றேன். அண்ணனாகவே எழுதிக் கொடுப்பான் என்று காத்திருந்தேன் என்று சொல்லவந்தேன். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா? உனக்கு அவ்வளவு கடிதம் எழுதினேன். கேள்வி கேள்வியாக எழுதினேன். எதிரே படுத்திருந்தவளுக்கு ஒரு வரி சொல்லவில்லை.

"சிஸ்டரு சிஸ்டருன்னு வாய் நெறையக் கூப்பிட்டேன். நீ அவனுக்குல்ல சிஸ்டரு."

கத்தவில்லை. கட்டுப் போட்ட கையால் என் தட்டைத் தள்ளினாள். கத்தரியும் பஞ்சும் தரையில் விழுந்தன. வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னாள்.

இப்போது ஷைலா சிஸ்டர்தான் கட்டுப் போடுகிறாள். விரல்களுக்கு நடுவில் துணி சரியாக வைப்பதில்லை. வைக்காவிட்டால் புதுத் தோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கதவருகே நின்று சொன்னேன். வெள்ளைத்தாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஷைலா, "நீங்க போங்க ஜெனிட்டா, நான் பாத்துக்கிடுறேன்" என்றாள். இப்போது அவள் வருகிற நாட்களில் வேறு வார்டுக்கு டூட்டி மாற்றி வாங்கிக்கொள்கிறேன்.

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வராதே. தீரவில்லை. ஆனால் அதை இனி முழுதாக உன் பக்கம் அனுப்ப முடியாது.

நீ வந்தால் பார்ப்பாளா என்று கேட்டிருக்கிறாய். ஷைலாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். வரட்டும், அவன் மூஞ்சியப் பாக்கணும் என்றாளாம். அதனால் போ. வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே போ. பஸ்ஸில் போ. நான் கூட வர முடியாது.

ஆனைக்குட்டத்தில் அந்த வீட்டுக் கதவைத் தட்டும்போது ஜாபஸ் என்று சொல். வண்டி ஓட்டியவன் என்று சொல். ஜெனிட்டாவின் அண்ணன் என்று மட்டும் சொல்லாதே. திறக்க மாட்டாள்.

ஜெனிட்டா